ஒரு நொடி முன்னால்

துப்பாக்கி வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகுதான் வெடித்தது.

பிறகுதான் மற்ற மூன்று பேரும் அலறினார்கள். தமயந்தியின் மடியிலிருந்த மிக்சர் கிண்ணம் என் புது ஜமக்காளத்தில் கவிழ்ந்தது.

நான் அலறவில்லை. டி.வி.யைப் பார்த்திருந்தால்தானே? அவள் போட்டிருந்த சுடிதாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுசு. யார் எடுத்துக் கொடுத்திருப்பார்கள் என்று ஒரு யோசனை.

இப்போது வேறு யோசனை.

இவளுக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது?

இந்தத் தொடரில் முன்னறிவிப்பே கிடையாது. இசை ஏறாது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒருத்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், டமால். அதுதான் இதன் பெருமை என்று எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் எழுதித் தள்ளினார்கள்.

வெள்ளிக்கிழமை புது எபிசோடு வரும். ஞாயிறு நாலு மணிக்கு என் வீட்டு ஹாலில் சேர்ந்து பார்ப்போம். முந்திப் பார்த்துவிட்டு வருகிறவள் எல்லோருக்கும் பஜ்ஜி போட வேண்டும். அதுதான் சட்டம். போட்டது நான்.

நானே முந்திப் பார்த்ததில்லை. இந்த வாரம் நினைத்தாலும் முடியாது. வெள்ளி முழுக்கக் காஞ்சிபுரத்தில் இருந்தேன். அக்கா பேத்திக்குக் காதுகுத்து.

கண்ணை மூடியவள் மூன்றாவது மாடிக்குக் குடிவந்து நாலு மாதம். கணவன் கப்பலில். வீட்டில் டி.வி. கிடையாது. போனில் இந்த ஆப்பும் கிடையாது. தமயந்தி பார்த்திருக்கிறாள். எப்படிப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள்.

ஆக, வேறு யார் வீட்டிலோ உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

எனக்கு நாக்கு நமநமத்தது.

எதிர்வீட்டு சேஷாத்ரிதான். சந்தேகமே இல்லை. மனைவி மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருக்கிறாள். மனிதர் மாடிப்படியில் இவளைக் கண்டால் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்கிறார். தமயந்தியிடம் எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டால் போதும்.

அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டி.வி.யில் யாரோ தோசை வார்க்கும் சத்தம்.

அவள் விரல்கள் சோபாவின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தன.

எனக்குப் பின்னால், கிணுகிணுத்துக்கொண்டு வந்த டம்ளர்கள் சட்டென்று அடங்கின.

திரும்பினேன்.

இவர்.

காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்து, தோளைக் குறுக்கிக்கொண்டு.

காத்துக்கொண்டு.

டமால்.

மூன்று பேரும் அலறினார்கள். இவர் நடந்துவந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். தீபாவளிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற மனுஷன். குக்கர் விசிலடித்தாலே தூக்கிப்போடும். 'கொலையும் ரத்தமும், இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா' என்று ஐந்து வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்.

நாலு மணிக்கு ரிமோட்டை எடுத்தபோது டி.வி. என்னைக் கேட்டது. விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா?

முதலிலிருந்து என்று அழுத்தினேன். அவள் சுடிதாரைப் பார்த்துக்கொண்டே.

யாரும் தொடாத எபிசோடுக்கு அது ஏன் அப்படிக் கேட்க வேண்டும்?

இந்த அபார்ட்மென்டில் எந்த வீட்டு ஜன்னலை எப்போது சாத்துவார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

எபிசோடு முடிந்தது. கருத்துகள் ஆரம்பித்தன.

"தம்பிக்காரன்தான் கொன்னிருக்கான். முழியே சரியில்ல" என்றாள் தமயந்தி.

"அவனை விடுங்க. அந்தப் பொண்டாட்டியைச் சொல்லுங்க" என்றாள் கற்பகவல்லி. "சொந்த வீட்ல நடக்கிறதுகூடத் தெரியாம ஒருத்தி இருப்பாளா? நம்புற மாதிரியா இருக்கு?"

"சுத்த மக்கு" என்றாள் ஃபரீதா.

மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வழக்கமாக நான்தான் முதலில் வாயைத் திறப்பேன்.

காபியைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

"இந்த வாரம் ரெண்டு எபிசோடு விட்டிருக்காங்களே" என்றாள் ஃபரீதா. "அடுத்ததையும் போடுங்கக்கா."

"இன்னிக்குப் போதுமே" என்றார் இவர்.

"போதும்க்கா" என்றாள் அவள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

பிறகு இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் மிக்சர்தான் கிடந்தது.

"அட, உட்காருங்க" என்றேன் இவரிடம். "ஒரு நாளாவது எங்களோட பாருங்க."

இவர் உட்கார்ந்தார். சோபாவில் இருந்த ஒரே இடம் அவளுக்குப் பக்கத்தில். நடுவில் இன்னொருவர் உட்காரலாம் போல விட்டு உட்கார்ந்தார்.

அடுத்த எபிசோடை அழுத்தினேன்.

டி.வி. மறுபடியும் கேட்டது. விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா?

முதலிலிருந்து.

என் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, டி.வி.க்கு முதுகைக் காட்டி, சோபாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் தமயந்தி. "டி.வி. அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும்" என்றேன்.