இருபதே நிமிடம்

"நாளையிலிருந்து நீங்க ஓடணும்" என்றார் டாக்டர். எதிரே இருந்தவர் ஒரு மாடி ஏறி வந்ததற்கே இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

டாக்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகை நறுக்கை உருவினார். புதிதாக ஓடப்போகிற எல்லோருக்கும் அவர் படித்துக்காட்டுவது அதைத்தான்.

"ஆத்தங்கரைப் பாதை. 'வழி நெடுக நிழல்'னு போட்டிருக்கு, பாருங்க."

"மொத்தமே நாலு மரம் டாக்டர். அதுல ரெண்டு பட்டுப்போச்சு."

"'மேடே கிடையாது, குழந்தைகூட ஓடலாம்.'"

"பாலத்துக்கிட்ட ஒரு மேடு இருக்கு. நெஞ்சை அடைச்சிடும்."

"'இருபதே நிமிஷம்!'"

"எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். அதை நம்பி உயிரை விட முடியுமா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. இந்த நறுக்கை நம்பி நூறு பேரை ஓடவிட்டவர் அவர். "ஓடிப் பார்க்காமலா ஒருத்தர் இவ்வளவு விவரமா எழுதுவார்?"

நோயாளி சுவரைப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத மனைவி, நறுக்கின் அடியில் 'மின்னல்காலன்' என்றிருந்த புனைபெயரில் விரலை வைத்தாள்.

"அது இவர்தான் டாக்டர். ஸ்கூட்டர்ல ஒரு நடை போயிட்டு வந்து எழுதினார். இருபது நிமிஷம் மட்டும் நிஜம்."

நறுக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"வண்டியை ஓட்டினதுகூட நான்தான்."