பின்பெட்டி விளக்கு போட்ட போடு

பைக்கின் பின்பெட்டியில் புதிதாக ஒரு சிவப்பு விளக்கைப் பொருத்திய மெக்கானிக், பழைய பிரேக் லைட்டின் ஒயரிலிருந்தே அதற்கும் கரன்ட் எடுத்துக் கொடுத்தார். முதல் நாளே புது விளக்குக்குத் தலைகால் புரியவில்லை. அது எரிந்தபோதெல்லாம் பின்னால் வந்த லாரிகூடப் பம்மிக்கொண்டு நின்றது.

"பார்த்தியாண்ணே, நான் ஒரு முறை முறைச்சாலே போதும்!"

"பிரேக்கை மிதிச்சாத்தாண்டா நாம ரெண்டு பேருமே எரியறோம்," என்றது கீழே இருந்த பழைய விளக்கு.

வயிற்றெரிச்சல் என்று புது விளக்கு நினைத்துக்கொண்டது.

மறுநாள் கொண்டுபோகச் சாமான் எதுவும் இல்லை. வண்டிக்காரர் ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கழற்றி வாசல் கதவோரம் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். புது விளக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் இல்லாமல் அந்த லாரிகளை யார் நிறுத்துவது? அண்ணன் விளக்கு இந்நேரம் சுக்குநூறாகியிருக்குமே!

சாயங்காலம் பைக் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது.

"ஒருத்தனும் இடிக்கலையாண்ணே?"

"இல்லையே. எல்லாரும் ஒழுங்காத்தான் நின்னாங்க."

புது விளக்கு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

"நேத்து நான் போட்ட போடு அப்படிண்ணே. இன்னும் பயம் தெளியலை பாரு!"