வெறும் தகடு

"வெறும் தகடு போதும்" என்றேன். "பதினெட்டு கேஜ். ஜிங்க் பூசினது வேண்டாம்."

வைனோ கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

முப்பது வருஷமாக அவன் கடையில்தான் தகடு வாங்குகிறேன். அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கும் இந்த டுலூத்தில் பழைய கார்களுக்குத் துருவை வெட்டி ஒட்டுப் போடுகிறவர்களில், ஜிங்க் பூசிய தகட்டைத் தவிர வேறு எதையும் தொடாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். இங்கே பனி உருகுவதற்காக வருஷத்தில் ஆறு மாதம் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள்; அது இரும்பை அரித்துவிடும். வெறும் தகட்டில் ஒட்டுப் போட்டால் ரெண்டு குளிர்காலம் தாங்கும். அதற்கு மேல் தாங்கினால் அதிசயம்.

எனக்கு அந்த ரெண்டுதான் வேண்டியிருந்தது.

"ஜிங்க் புகை இப்பல்லாம் ஒத்துக்க மாட்டேங்குது. வெல்டிங் வச்சாலே காய்ச்சல் வருது" என்றேன்.

"யார் வண்டிடா?"

"எய்லாவோடது."

வைனோ சிரித்தான். இங்கே குடியேறிய எங்கள் ஃபின்லாந்துக் கூட்டத்தில் ஒருத்தன் இருமினாலே மறுநாள் சர்ச்சில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். என் விஷயம் இவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

எய்லா நாற்பது மைல் தள்ளி ஏரிக்கரையில் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்தாறாம் வருஷத்து நீல ஸ்டேஷன் வேகன் கார் ஒன்று வைத்திருக்கிறாள். நாலு வருஷம் முன்னால் அதை முதல்முறையாக என்னிடம் கொண்டுவந்தாள். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி முழுக்க இற்றுப்போயிருந்தது.

மூன்று நாள் வேலை. வண்டியை விட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்றேன். கேட்கவில்லை. மூன்று நாளும் பஸ் பிடித்து வந்து, என் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றபடி நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியில் எனக்கும் பாதி உண்டு. பேச்சு அதிகமில்லை. அறுபது வயதுக்கு மேல் அப்படி மூன்று நாள் எனக்கு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

நாலாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் திரும்பி வரக் காரணமே இல்லாதபடி அவ்வளவு சுத்தமாக வேலை செய்து தொலைத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் பனி உருகியதும் வாசலைப் பார்ப்பேன். நீல வண்டி எது போனாலும் வெல்டிங்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். போன் செய்திருக்கலாம்தான். செய்து என்னவென்று கேட்பது? துரு பிடித்துவிட்டதா என்றா?

இந்தத் திங்கட்கிழமை வந்து நின்றாள். அதே இடம், பொத்தலோ பொத்தல். என் ஆயுசுக்கும் தாங்கும் என்று நான் நினைத்திருந்த வேலை அது. வெட்கப்பட வேண்டியவன், ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று சின்னப் பையன் மாதிரி சிரித்தேன்.

இந்தத் தடவை நல்ல வேலை செய்வதாக இல்லை.

வைனோ சிரிப்பை நிறுத்தினான். அவனுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"இரு, இரு. போன தடவ என் ஜிங்க் தகடுதானே போட்ட? அது எப்படிடா நாலு வருஷத்துல இத்துப் போகும்? எங்க, வெட்டின துண்டக் குடு."

கனம் பார்க்க, எய்லாவின் வண்டியிலிருந்து வெட்டி நான் கொண்டுவந்திருந்த துண்டைப் பிடுங்கி மேஜையில் வைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். அவனுக்கு அவன் தகட்டின் மானம் பெரிது. துருவும் சேறும் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

தேய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"தண்ணி வடியற ஓட்டை எங்கடா?"

அந்தப் பெட்டிக்குள் இறங்குகிற தண்ணீர் வெளியே போக அடியில் ஓட்டை விடுவது வழக்கம். அந்தத் துண்டில் மூன்று இருந்தன, நானே துளைத்தவை. மூன்றும் அடைபட்டிருந்தன. சேற்றால் இல்லை. ஜன்னலில் கண்ணாடி பதிக்க வைக்கும் மக்கை வைத்து அழுத்தி, ஓரமெல்லாம் வழித்து, வெளியே தெரியாமல் இருக்க மேலே நீல வர்ணம் பூசியிருந்தது. கீறல் விழுந்தால் தொட்டுக்கொள்ள நான்தான் அந்த நீலத்தைக் கலந்து ஒரு குப்பியில் அவளிடம் கொடுத்திருந்தேன்.

நடு ஓட்டையில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. என் விரலில் பாதி அகலம்கூட இல்லை.

வைனோ அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நம்ம ஆளுங்க வாயத் திறக்கறதுக்குள்ள இரும்பே இத்துப் போயிடும்டா" என்றான். பிறகு, இதுவரை என்னிடம் காட்டாத மரியாதையோடு, "எதை வெட்டட்டும்?" என்று கேட்டான்.

"ஜிங்க்" என்றேன்.

அவன் தகட்டை இழுத்துப் போட்டு வெட்ட ஆரம்பித்தான். நான் அந்த மூன்று ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு வருஷம் முன்னால், அந்த நாலாம் நாள், வண்டியை எடுத்துக்கொண்டு போகும் முன், எய்லா தரையில் மண்டியிட்டு அந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்தாள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். தண்ணீர் வடிய என்றேன். அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். உள்ளேயே தண்ணீர் நின்று, நாலு குளிர்காலத்தில் தகடு போய்விடும் என்றேன்.

"நாலா?" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது.

வண்டியை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. பயப்படாதீங்க, பதினைந்து வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியிருக்காது என்று தைரியம் சொல்லி அனுப்பிவைத்தேன்.