அக்கரைப் பாதாம்

ஆற்றின் இக்கரையில் இருந்த அணிலுக்குத் திடீரென்று உள்ளூர் நிலக்கடலை கசந்துவிட்டது. அக்கரைப் பாதாமில்தான் எதிர்காலம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"வாங்கித் தர்றேங்க. தரகே கிடையாது," என்றது காக்கை.

அணில் சேர்த்துவைத்த கடலையையெல்லாம் கொட்டியது. காக்கை அங்கேயே அதில் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னத் தொடங்கியது.

"தரகு இல்லைன்னீங்களே!" என்று பதறியது அணில்.

"இது தரகா? பறக்கிற கூலிங்க. ஒரு கடலைன்னாலும் ஒரு வண்டி கடலைன்னாலும் அதே கூலிதான். இது, உங்க கடலையை அந்த ஊர்க் கடலையா மாத்துற செலவு. இது, பாதாமை அங்கே பத்திரமா வெச்சிருக்கிறதுக்கு."

மிச்சக் கடலைக்கு ஒரே ஒரு பாதாம்தான் கிடைத்தது. பயந்துபோன அணில் அதைக் கொண்டுவந்துவிடச் சொன்னது. திரும்பி வரவும் அதே கூலிகள் உண்டு என்பதால், பாதாமின் ஓடு மட்டும் வந்து சேர்ந்தது.

பக்கத்து வளை எலி எட்டிப் பார்த்தது. "என்னண்ணே, லாபமா?"

அணில் அந்தப் பாதாம் ஓட்டை எடுத்துத் தொப்பியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. "உள்ளூர்க் கடலை திங்கிறவனுக்கு இதெல்லாம் புரியாது தம்பி."

மறுநாள் விடிவதற்குள் எலி தன் கடலை மூட்டையோடு காக்கையின் மரத்தடியில் நின்றது.