நாடி பார்க்கும் கையுறை

நாளை நார்வேக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் பெனிட்டா, மகளைத் தட்டித் தூங்கவைக்கும் விதத்தை கை அசைவைக் கற்று அப்படியே திரும்பச் செய்யும் ஒரு மின்னணுக் கையுறைக்கு ஒரு மாதமாகப் பழக்கியிருந்தாள். இன்று மதியம் கணவன் செல்வின் அதை மாட்டிக்கொண்டு, நான்கு வயது ரியாவின் முதுகில் கை வைத்தான். கையுறை அவன் கையை நடத்தியது. தட்டல் அப்படியே பெனிட்டாவுடையது. ஆனாலும் ரியா கண்ணை மூடாமல் அப்பாவை முறைத்துக்கொண்டு கிடந்தாள்.

திடீரென்று விரல்கள் தாமாக நகர்ந்து, குழந்தையின் மணிக்கட்டில் நாடி பார்த்தன.

“ஐயோ, என் ஆஸ்பத்திரிப் பழக்கம் இதுலயும் ஏறிட்டுதே!” பெனிட்டா பதறினாள். “கழட்டுங்க, அதை மட்டும் அழிச்சிட்டுத் தாறேன்.”

“சும்மா இரு, பிள்ளையைப் பாரு,” என்றான் செல்வின்.

ரியா கண்களை மூடியிருந்தாள். “இந்தக் கையையும் பாரும்மா,” என்று மறு கையை அப்பாவிடம் நீட்டினாள்.