தியானத்துக்கு இடைஞ்சல்

புத்த விகாரையின் தியானக் கூடத்தில் கணக்கு வாத்தியார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பின்னால் சமையலறையில் 'டங்' என்று ஏதோ விழுந்தது. மூச்சைக் கவனிக்கச் சொன்னால், அவருக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது.

"மூணு மாசமா வந்து இப்பத்தான் கோபத்தையே விட்டேன். அதையும் கெடுத்துடுவாங்க போலிருக்கு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

"வாயை மூடிக்கிட்டு மூச்சைப் பாருங்க."

அடுத்த 'டங்'குக்கு எழுந்தே விட்டார். சமையலறையில் வயதான பிக்கு, நூறு பேருக்குத் தானச் சாப்பாடு சமைத்த அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா சாமி? இன்னிக்குத் தேய்க்கிற முறை யாரோடது? எந்தப் பொறுப்பில்லாத ஆளு அது?"

"சேச்சே, நல்ல மனுஷர். அவரா வந்து பலகையில பேர் எழுதினாரு. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாரா, எழுப்ப மனசு வரல."

வாத்தியார் சமையலறைச் சுவரிலிருந்த முறைப் பலகையைப் பார்த்தார். இன்றைய தேதிக்கு நேரே, கரும்பலகைக்குப் பழகிய கொட்டை எழுத்தில், அவர் பேர்தான் இருந்தது.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிக்குவிடமிருந்து தேங்காய் நாரை வாங்கினார். அண்டா முதல் தேய்ப்பிலேயே உருண்டு 'டங்' என்றது.

கூடத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "யாருங்க அங்க அண்டாவை உருட்டுறது? கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?"