வாய்மூடிய காவல்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு அறையைக் காட்டுகிறேன். ஆஸ்பத்திரியின் கணினிகளைக் காக்கும் அறை அது. காலை வெயில் விழும் திரை முழுக்கப் பச்சை, ஆபத்து இல்லை என்று அர்த்தம். ஆபத்து வந்தால் கத்த வைரஸுக்கு ஒரு காவல் நிரல், கடவுச்சொல் திருட்டுக்கு ஒன்று. எல்லாம் ஒரே தாய் நிரலின் பிள்ளைகள். தாயிடம் எழுதியது அத்தனை பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அவற்றை எழுதியவள் நகத்தைக் கடிக்கிறாள். "பச்சையப் பாத்து யாராவது பயப்படுவாங்களாம்மா?" என்று சிரிக்கிறார் பக்கத்து நாற்காலிக்காரர். "நேத்து சோதனைக்காக ஒண்ண மட்டும் கத்தாம இருக்கச் சொன்னேண்ணே. அத தாய்லயே எழுதித் தொலைச்சிட்டேன் போலிருக்கு." அவருடைய டீ டம்ளர் பாதி வழியில் நிற்கிறது. "அப்போ எல்லாமே வாய மூடிட்டு இருக்கா? மாடியில ஆபரேஷன் நடக்குதேம்மா!" அவள் அந்த ஒற்றை வரியை அழிக்கிறாள். மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. பின்னாலேயே வீல் என்று ஒரு அலறல். "எவனோ திருடன் உள்ள வந்துட்டான்ணே! மாடி கம்ப்யூட்டருக்கு இன்னும் போகல." வெளி இணைப்பின் கேபிளை அவர் பிடுங்குகிறார். அலறல் நிற்கவில்லை, அவள் அதை நிறுத்தவும் இல்லை, குழந்தை முதல்முறை அழுததைக் கேட்பவள்போல் கண் கலங்க உட்கார்ந்திருக்கிறாள். ஆபத்து என்றால் கத்திச் சொல்ல உங்கள் வீட்டிலும் ஒரு குரல் எப்போதும் விழித்திருக்கட்டும், என் செல்லங்களே.